நெட்டு வந்தப்போ உன் புள்ள மண்டை ஒடைஞ்சிருந்துச்சி

என் ஆசை மச்சான் தேசிங்கு, அடிதடி இல்லாத எடத்துல காலு நீட்டி படுத்துகினு கீறவனே,

மொதல்ல சேதிய கேட்டுக்கோ. உன் புள்ள மண்டைய என் புள்ள ஒடைச்சிட்டான். என் புள்ள கழுத்த உன் புள்ள நெரிச்சிட்டான். எனக்கு கால் கட்டவெரலு கிழிஞ்சி தையலு போட்டு கீது. உன் ஹால்ல ரத்தத்த பினாயிலு ஊத்தி கழுவியாச்சி, ஆனா தரை இடுக்குல இன்னும் செவப்பு போவல.

எதுக்குன்னு கேளு. சொத்துக்கு அடிச்சிகினாங்கன்னா அதுல ஒரு மருவாதி கீது. பொண்ணுக்கு அடிச்சிகினாங்கன்னா அதுல ஒரு கதை கீது. உன் புள்ளயும் என் புள்ளயும் வைஃபைக்கு அடிச்சிகினானுங்க மச்சான். சிரிக்கறியா? சிரி, சிரி. அன்னிக்கி நடுவுல நின்னிருந்தா உன் மூஞ்சியும் பேந்திருக்கும்.

இத உனக்குன்னுதான் எழுதறேன். நடுவுல எவனாச்சும் எட்டிப் பாத்து படிச்சா படிச்சிகினு போட்டும். அன்னிக்கி நாம போட்ட சத்தம் நெமிலிச்சேரி ஸ்டேசன்ல ரயிலுக்கு நின்னவனுக்கே கேட்டிருக்கும், இனிமே மூடி மறைக்க இன்னா கீது? நான் எட்டாவதுல ஓடியாந்தவன், எழுத்து கோணலாத்தான் வரும். நீ அஞ்சாவதுலயே ஓடியாந்தவன், உனக்கு இது போதும்.

நீ போனப்பறமும் ஊடு அப்டியேதான் கீது. முன்னூட்ல உன் பொண்டாட்டி பாக்கியம், உன் புள்ள கொமாரு. பின்னூட்ல நானு, எங்கிட்ட வந்து மாட்டின உன் தங்கச்சி சரோஜா, எங்க புள்ள மோகனு. நடுவுல துணி தொவைக்கற கல்லு. வைஃபை பொட்டி உன் ஹால்ல டிவி பக்கத்துல. அதுலந்துதான் பின்னூட்டுக்கும் வரணும். தனியா ஒரு கனெக்சன் வாங்கிக்கறேன்னு மோகன் கேட்டப்ப நீ இன்னா குதி குதிச்ச? "ஒரே காம்பவுண்ட்ல கீற பசங்களுக்கு ரெண்டு ஒயரா? நான் உசுரோட கீற வரைக்கும் நடக்காது"ன்ன. சரி, இப்ப நீ உசுரோட இல்ல. இப்பவும் நடக்கல. செத்தும் உன் பேச்சுதான் செல்லுது.

உன் கருமாதி முடிஞ்ச கையோட பின்னூட்ல நெட்டு படுத்துகிச்சி. சரோஜா ஃபோன்ல பாக்கற சீரியல்ல ஒரு பொம்பள அழுவறதுக்கு வாயத் தொறந்தா, தொறந்தமேனிக்கே நிக்கறா, நடுவுல ஒரு வட்டம் சுத்திகினே கீது. அழுது முடிச்சாளா இல்லியான்னு தெரியாம உன் தங்கச்சிக்கு சோறு எறங்கல.

அது கூட போட்டும். மோகன் வேலை உனக்கு தெரியுமில்ல? வெளிநாட்டுக்காரன் ஊட்ல கம்ப்யூட்டரோ ஃபோனோ நெட்டு எடுக்கலன்னா, இவனுக்குதான் ஃபோன் பண்ணி அழுவான். இவன் ஊட்ல குந்திகினே அவனுக்கு இங்கிலீஷ்ல வழி சொல்லணும். ஊரு ஒலகத்துக்கே நெட்டு சரி பண்ணி குடுக்கறவன் ஊட்ல நெட்டு இல்ல. நான் இத சொல்லி சொல்லி அவன கலாய்ச்சேன். கொஞ்சம் ஓவராத்தான் கலாய்ச்சிட்டேன் போல கீது, பையன் உள்ள எரிஞ்சிகினே இருந்திருக்கான்.

அவங்களுக்கு சொல்றத எல்லாம் தனக்கே செஞ்சி பாத்தான். பொட்டிய அணைச்சி, அது சூடு ஆற வரைக்கும் வுட்டு, திருப்பி போட்டான். ஃபோன்ல ஏரோப்ளேன் பொம்மைய அமுக்கி எடுத்தான். நம்ம வைஃபை பேர ஃபோன்லந்து அழிச்சிட்டு புதுசா பாஸ்வேர்டு போட்டு சேத்தான். ஊஹூம். "ஒன் ஃபோன குடுப்பா"ன்னான். அதுலயும் இல்ல. சரோஜா ஃபோன்ல இல்ல, லேப்டாப்புல இல்ல. "எல்லாத்துலயும் இல்லன்னா நம்ம மிசின்ல கோளாறு இல்லப்பா, வர்ற எடத்துலதான் கோளாறு"ன்னான்.

ஒயரு கம்பெனிக்காரன் வந்தான். உன் ஹால்ல பொட்டி பக்கத்துல குந்திகினு ஃபோன பாத்தான். "ஃபுல்லா கீதே, இன்னா கம்ப்ளெய்ண்ட்டு?"ன்னான். பின்னூட்டாண்ட வந்து பாருடா தம்பின்னேன், அதுக்குள்ள பைக்க ஒதைச்சிட்டான்.

அப்ப மோகன் ஹால்லயே குந்தி வேலை பாக்கலாமேன்னு கேப்ப. பாத்தான். உன் துக்கம் கேக்க வேப்பம்பட்டுலந்து உன் சொந்தக்கார பொம்பளைங்க வந்து எறங்கி, "என் ராசா"ன்னு மார்ல அடிச்சிகினு ஒப்பாரி வெச்சாங்க பாரு, அந்தப் பக்கம் லைன்ல இருந்தவன் பயந்து வெச்சிட்டான். இன்னொரு வாட்டி லைன் கட்டானா வேலைய வுட்டு தூக்கிடுவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டானுங்க.

அப்பதான் மோகனுக்கு பழசு ஞாபகம் வந்துச்சி. நீ இருந்தப்ப கேரம் போர்டு சண்டையில, கொமாரு அந்த பொட்டிலயே இவன் ஃபோனுக்கு மட்டும் பூட்டு போட்டானே? நீ கூட செருப்பால சாத்தினியே? அதையேதான் இப்பவும் பண்றான்னு மோகன் முடிவே கட்டிட்டான். ஹால்ல ஃபுல்லா கீது, எங்க ஊட்ல மட்டும் இல்லன்னா வேற இன்னா நெனைப்பான் நீயே சொல்லு?

ஞாயித்துக்கெழம மத்தியானம். பாக்கியம் அடுப்படில கறி கிண்டிகினு கீது. கொமாரு டிவி பாத்துகினு கீறான். மோகன் செருப்பு கூட கயட்டாம உள்ள போனான். நான் பின்னாடியே ஓடினேன்.

"இன்னாடா, நெட்ட ஏன் கட் பண்ண?"

"எவன்டா கட் பண்ணான்?"

"பொட்டி உன் ஊட்ல கீது, பூட்டு உன் கைல கீது. நான் இன்னா கேனையா?"

"டேய், எங்கப்பா மேல சத்தியமா நான் தொடல."

"செத்தவன் மேல சத்தியம் பண்ணா எவன் வந்து கேக்கப் போறான்?"

செத்தவன். அதான் மச்சான் வார்த்தை. உன்ன மாமா மாமான்னு தோள்ல தொங்கின பையன் வாயிலந்து அது எப்டி வந்துச்சின்னு எனக்கு இன்னும் வெளங்கல. அடுப்படில கரண்டி சத்தம் நின்னுபோச்சி.

கொமாரு எயுந்தான். பளார்னு வுட்டான் பாரு, மோகன் கண்ணாடி பறந்துபோய் டிவி பின்னாடி வுழுந்துச்சி. கண்ணு தெரியாத பய கைல கெடைச்சத எடுத்தான். கெடைச்சது இரும்பு ஸ்டூலு. ணங்! தேங்கா ஒடைக்கற சத்தம் கேட்டுகீறியே, அதேதான். உன் புள்ள நெத்தி பொளந்து ரத்தம் புருவத்துல எறங்கி, மூக்கோரமா வந்து, வாயில சொட்டுச்சி. கொமாரு அத நாக்கால நக்கிப் பாத்தான் மச்சான். நக்கிப் பாத்துட்டுதான் பாஞ்சான்.

நான் நடுவுல பூந்தேன். எங்க பூந்தேன், அவன் முழங்கைதான் என் தாடையில பூந்துச்சி. சுருண்டுட்டேன். கொமாரு ஃபோனு ஜோபிலந்து தெறிச்சி டிவி அடியில போய் நொறுங்குச்சி. மோகன் கழுத்த ரெண்டு கையாலயும் புடிச்சி, ஜன்னல் மேல சாத்து சாத்துன்னு சாத்தறான். பையன் மூஞ்சி நாவப்பயம் கலருக்கு போயி, காலு தரைய தேடுது. வெளையாட்டு இல்ல மச்சான். உன் புள்ள கண்ணுல நெஜமாவே கொலை இருந்துச்சி. நான் தவழ்ந்து போயி அவன் கைய கடிச்சேன். கட்டின பல்லு செட்டாச்சே, அது அவன் கையிலயே நின்னுகிச்சி, நான் மட்டும் கீழ வந்துட்டேன்.

பாக்கியம் கத்துது. "கொமாரு, வுட்றா, செத்துடுவான்டா!" எவன் கேக்கறான்?

அப்பதான் நீ வுழுந்த.

உன் ஃபோட்டோ. அத நீ பாக்கலியே, சொல்றேன். கருமாதிக்கு அம்பத்தூர் எஸ்டேட்லந்து தகடு அடிக்கற நம்ம பிரஸ் ஷாப்பு பசங்க எல்லாம் வந்தானுங்க. சும்மா வருவானுங்களா? கடையில போய் மரச்சட்டம் வாங்கறதுக்கு அவனுங்களுக்கு கௌரவம் எடம் குடுக்கல. ஸ்டெயின்லஸ் ஸ்டீலு சீட்ட வெட்டி, ஓரம் மடிச்சி, முதுவு முழுக்க சீட்டு அடிச்சி, கண்ணாடி மாதிரி பஃப் போட்டு, பாதி கதவு சைசுக்கு ஒரு ஃபிரேமு. உன்ன தூக்கின பசங்களேதான் அதையும் தூக்கிகினு வந்தானுங்க. "அண்ணாத்தேவ வுட இது கனம்"னு ஒருத்தன் மூச்சு வாங்கினான்.

உன் சொவத்துல ஆணி எறங்குமா? உப்பு பூத்து உதுந்துகினு கீற சொவரு. அடிச்ச ஆணியெல்லாம் காரையோட கைல வந்துச்சி. கடைசில வாசல்லந்து பாத்தா நேரா தெரியற ஜன்னலு கம்பில கட்டு கம்பி போட்டு இறுக்கி கட்டிட்டானுங்க. "உள்ள வர்றவங்கள அவுரு பாத்துகினு இருக்கட்டும்ணே"ன்னு பாக்கியம் சொல்லுச்சி. நான்தான் ஏணி புடிச்சேன். அந்த ஜன்னலுக்கு அந்தாண்டதான் எங்க பின்னூடு.

மோகன் முதுவு இடிச்சி இடிச்சி கட்டு கம்பி அறுந்துச்சி. ஃபிரேமு அப்டியே சரிஞ்சி என் கால் வெரலு மேல எறங்குச்சி. கண்ணாடி சில்லு சில்லா தெறிச்சிது. அந்த சத்தத்துல கொமாரு கை தளந்துச்சி. மோகன் சாக்கு மூட்டை மாதிரி வுழுந்து லொக்கு லொக்குன்னு இருமினான்.

அப்ப பின்னூட்லந்து ஒரு பொம்பள "ஐயோ, என்ன வுட்டுட்டு போய்ட்டீங்களே"ன்னு வீல்னு அழுவுறா. எங்களுக்கு ரத்தமே ஒறைஞ்சிபோச்சி. பாத்தா, சீரியல்காரி. வாயத் தொறந்துகினு நின்னவளுக்கு இப்பதான் அழுவ வந்துச்சி. உன் தங்கச்சி ஃபோன தூக்கிகினு துள்ளிகினு ஓடியாறா: "ஏங்க, வந்துடுச்சி! நெட்டு வந்துடுச்சி!" வாசப்படி ஏறினப்பறம்தான் பாத்தா. உன் புள்ள ரத்தத்துல, என் புள்ள தரையில, நானு பல்லு இல்லாம, நீ கண்ணாடி இல்லாம.

எதிரூட்டு பாய் ஆட்டோவுல கொமாரு மண்டையில துண்ட சுத்தி ஏத்தினோம். நானும் வெரல புடிச்சிகினு ஏறினேன். வழியெல்லாம் அவன் ஒரே பேச்சுதான் பேசினான்.

"மாமா, உன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அவன உள்ள தள்ளாம வுட மாட்டேன். நடுவுல சொவரு எழுப்பிடறேன். அத்தை கூட இனிமே எங்க வாசப்படி மிதிக்கக் கூடாது."

"மண்டைய புடிடா மொதல்ல, ஆட்டோ நாறுது"ன்னேன். சிரிப்பு காட்டலாம்னு பாத்தேன். அவன் சிரிக்கல.

ஆஸ்பத்திரில எப்டி அடிபட்டுச்சின்னு கேட்டாங்க. "என் அத்தை புள்ள ஸ்டூலால அடிச்சான்"னு கொமாரு பட்டுனு சொல்லிட்டான். அங்கந்து ஸ்டேசனுக்கு ஃபோன் போச்சி. சாயங்காலம் வந்து எழுதி குடுன்னு போலீசு சொல்லிட்டாரு. அவன் எழுதி குடுத்தா மோகன் ஜெயிலு, வேலையும் காலி. உன் தங்கச்சிக்கு பொறந்த ஊடு காலி. எனக்கே பயம் வந்துடுச்சி மச்சான், சொன்னா நம்ப மாட்ட. நானே நம்பல.

அவனுக்கு தலைய ஸ்கேன் எடுக்கணும்னு நிறுத்திகினாங்க. நான் வெரல்ல கட்டு போட்டுகினு மொதல்ல ஊட்டுக்கு வந்தேன். வந்தா, பாக்கியம் அழுதுகினே தெரு பசங்கள வுட்டு உன்ன மறுபடி ஜன்னல்ல நிக்க வெச்சி கட்டு கம்பி சுத்தி கீது. மோகன் கழுத்துல வெரலு தடத்தோட வாசல்ல நின்னுகினு கத்தறான்.

"பாத்தியாப்பா! மறுபடி போச்சி! ஆஸ்பத்திரில குந்திகினே ஃபோன்லந்து கட் பண்றான்!"

"எந்த ஃபோன்லந்துடா?"ன்னு கேட்டேன். டிவி அடியிலந்து கொமாரு ஃபோன எடுத்து கைல குடுத்தேன். அப்பளம் மாதிரி கீது. ரிமோட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. பையன் அத திருப்பி திருப்பி பாக்கறான்.

"அப்ப யாருப்பா?"

"உங்க மாமாதான். செத்தவன்னு சொன்ன இல்ல, கோவத்துல கீறாரு"ன்னேன். சும்மா கொளுத்திப் போட்டேன். ஆனா உள்ளுக்குள்ள எனக்கே கிலிதான். நீ செய்யக்கூடிய ஆளுதானே?

மோகன் உன் மூஞ்சிய பாத்துகினே நின்னான். கிட்ட போயி ஃபிரேமு முதுவுல வெரலால தட்டினான். ணங்.

"தகரமாப்பா இது?"

"வாயக் கழுவுடா. ஸ்டெயின்லஸ் ஸ்டீலு."

அவன் கட்டு கம்பிய பிரிச்சான். ரெண்டு பேருமா உன்ன எறக்கினோம். "வந்துச்சி!"ன்னு பின்னூட்லந்து சரோஜா குரலு. தூக்கி வெச்சோம். "போச்சி!" எறக்கினோம். "வந்துச்சி!" எத்தினி வாட்டி உன்ன தூக்கி எறக்கினோம்னு எனக்கு கணக்கு இல்ல. உசுரோட இருந்தப்ப கூட நான் உன்ன இவ்ளோ கட்டிப் புடிச்சது இல்ல மச்சான்.

"சொவரு தடிப்பா. சிக்னலு இந்த ஜன்னலு வழியாத்தான் பூந்து வந்துகினு இருந்துகீது. நாம அதுக்கு இரும்பு கதவ போட்டு மூடிட்டோம்"னு சொல்லிகினே மோகன் தரையில குந்திட்டான். "பொட்டிக்கும் உங்களுக்கும் நடுவுல பீரோ கீதா, ஃபிரிட்ஜு கீதா, இரும்பு எதுனா புதுசா வெச்சீங்களான்னு தெனிக்கும் ஊர்ல கீறவன எல்லாம் கேக்கறேன்பா. நம்ம ஊட்ல கேக்கல. கொமார போய் அடிச்சேன். மாமாவ போய்..." நான் கலாய்க்கல. எனக்கும் சமயத்துல வாய் மூடத் தெரியும்.

பொழுது சாய கொமாரு வந்தான். மண்டைய சுத்தி கட்டு. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, தையலுதான். சட்டை மாத்திகினு ஸ்டேசன் போறதுக்கு வந்தவன நிறுத்தி, உன்ன தூக்கி, எறக்கி, காட்டினோம். அவன் பாத்தான். அவனும் ஒரு கை புடிச்சி ஒருவாட்டி தூக்கிப் பாத்தான்.

"ஜன்னலு சரி மாமா. என் மண்டை?"

இன்னா பதில் சொல்வ நீ? கொமாரு அந்த ஸ்டூல எடுத்தான். அவன் ரத்தம் அதுல காஞ்சி போய் ஒட்டிகினு கீது. மோகன் நவுரல. கைய கட்டிகினு தலைய குனிஞ்சி அவன் முன்னாடி போய் நின்னான். "அடிடா. நான் பேசினதுக்கு அடி."

ஸ்டூலு மேல போச்சி. சரோஜா என் கைய பிச்சி எடுக்கறா. நான் பாக்கியத்த பாத்தேன், தடுக்கும்னு. அது அடுப்படி வாசல்லயே நின்னுச்சி.

"அடி கொமாரு. அடிச்சிட்டு நீயும் உள்ள போ. அவரு போனது பத்தலன்னா நீங்களும் போங்க. நான் ரெண்டு பேருக்கும் சோறு கட்டிகினு ஜெயிலு வாசல்ல நிக்கறேன்."

கொமாரு ஸ்டூல வெளிய வீசினான், தொவைக்கற கல்லுல பட்டு காலு ஒடிஞ்சி போச்சி. வெறும் கையால மோகன் கன்னத்துல ஒண்ணு வெச்சான் பாரு, எனக்கு காது அடைச்சிது.

"இது எங்கப்பாவ சொன்னதுக்கு."

மோகன் கன்னத்த புடிச்சிகினே கேட்டான், "மண்டைக்கு?"

"அது பாக்கி கீது. அப்புறம் குடுக்கறேன், வா."

ஒரே பைக்குல அவனுங்க ரெண்டு பேரும், பாய் ஆட்டோவுல நானு. ஸ்டேசன்ல ஏட்டையா எங்கள மேலயும் கீழயும் பாத்தாரு.

"நீதானே மண்டை ஒடைஞ்சவன்? ஒடைச்சவனையே கூட்டிகினு வந்துகீற?"

"அவன் ஒடைக்கல சார். ஃபோட்டோ வுழுந்துச்சி"ன்னான் உன் புள்ள.

"ஆஸ்பத்திரில வேற மாதிரி சொல்லிகீற?"

"மயக்கத்துல ஒளறிட்டேன் சார்."

"அவன் கழுத்துல வெரலு தடம் கீதே, அது?"

நான் பூந்தேன். "அதுவும் ஃபோட்டோதான் சார். கொஞ்சம் பெரிய ஃபோட்டோ."

ஏட்டையாவுக்கு சிரிப்பு வந்துடுச்சி, அடக்கிகினாரு. "யாரு ஃபோட்டோய்யா அது, ஊர்ல எல்லாரையும் அடிக்குது?"

"எங்கப்பா சார்"னான் கொமாரு. ஏட்டையா எழுதி குடுத்துட்டு போங்கன்னு வெள்ளை பேப்பர தள்ளினாரு. கொமாரு எழுதினான். எங்கப்பா தேசிங்கு என் மேல வுழுந்ததால எனக்கு தலையில அடி, யாரு மேலயும் கம்ப்ளெய்ண்ட்டு இல்லன்னு. வெளிய வந்து பைக்கு மேல குந்திகினுதான் அழுதான். இன்னாடான்னா, தையலு இழுக்குதுன்னான். மோகன் அவன் பக்கத்துல போய் நின்னான்.

இப்ப நீ பக்கத்து சொவத்துல கீற. மோகன் மிசினு வாங்கியாந்து காரைய தாண்டி செங்கல்லு வரைக்கும் தொளை போட்டு போல்ட்டு முடுக்கி வெச்சிட்டான், கொமாரு அடியில நின்னு தாங்கினான். ஜன்னலு தொறந்து கீது, வெளிச்சமும் வருது, நெட்டும் வருது. மண்டைக்கு பாக்கிய கொமாரு இன்னும் குடுக்கல. தெனிக்கும் அத சொல்லியே மோகன மெரட்டறான், அவனும் தெனிக்கும் பயப்படற மாதிரி காட்றான். சரோஜா உன் ஊட்டுக்கு கொழம்பு எடுத்துகினு போறா, வர்றா.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சிக்கோ மச்சான். எழுத்துல கீறபடி கேஸு உன் மேலதான். பெத்த புள்ள மண்டைய ஒடைச்ச குத்தம், தங்கச்சி புள்ள கழுத்த நெரிச்ச குத்தம், மச்சான் வெரல கிழிச்ச குத்தம். அங்க எவனாச்சும் வெசாரிச்சா எதையும் ஒத்துக்காத, எங்க மச்சான் வந்து பேசுவான்னு சொல்லு. இந்த ரெண்டு தடிப்பசங்களும் கை ஓங்காம நான் பாத்துக்கறேன். ஜாமீன் எடுக்க நானே நேர்ல வரேன், சத்தியம். ஆனா எனக்கு அவசரம் இல்ல, நீ உள்ளயே கெட.

இப்டிக்கு,
உன் தங்கச்சிய கட்டிகினு, உன் பழியையும் கட்டிகினு நிக்கற
உன் மச்சான் ஏகாம்பரம்